துப்பாக்கி கையில் இருந்தும் சுடவில்லை. நான் செய்தது தப்பா?

கேள்வி: ஐயா, நேரடித் தேர்வில் எஸ்.ஐ. ஆகி மூன்றாவது வருடம். தென்மாவட்டம் ஒன்றில் வேலை. போன மாதம் இரவு ரோந்தில் இருந்தபோது வயர்லெஸ் மைக்கில் தகவல் வந்தது. தெருவில் ஒருவர் அரிவாளோடு நின்று, அண்ணனை வெட்டாமல் போக மாட்டேன் என்று கத்துகிறார். நான், ஏட்டு, டிரைவர் மூன்று பேரும் போனோம். அண்ணன் வீட்டுக்குள் தாழ் போட்டுக்கொண்டிருந்தார். இவர் மனநலச் சிகிச்சை எடுத்தவர், மாத்திரையை நிறுத்திப் பல நாளாயிற்று என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஜனங்களை வீட்டுக்குள் போகச் சொன்னோம். துப்பாக்கியை எடுத்துக் குறி வைத்தேன், சுடவில்லை. முக்கால் மணி நேரம் பேசினோம். அவருடைய அம்மாவும் கிட்டத்தில் வந்து பேசினார். ஒரு கட்டத்தில் அவர் அரிவாளைத் தாழ்த்தினார். ஏட்டு பாய்ந்தார். ஆளைப் பிடித்துவிட்டோம், ஆனால் ஏட்டுக்கு முன்கையில் வெட்டு, பதினொரு தையல். இப்போது 'துப்பாக்கியை வச்சுக்கிட்டுப் பட்டிமன்றம் நடத்துனவரு' என்று என் காதுபடப் பேசுகிறார்கள். 'முட்டிக்குக் கீழ ஒண்ணு போட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்' என்கிறார் இன்ஸ்பெக்டர். மெமோ வரும் போலிருக்கிறது. ஏட்டு வீட்டு அம்மா முகத்தில் விழிக்க முடியவில்லை. சட்டப்படி நான் சுட்டிருக்கலாமா? சுட்டிருக்க வேண்டுமா? அடுத்த முறை இப்படி நடந்தால் என்ன செய்வது?

(பெயர், ஊர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: (ஓய்வுபெற்ற டி.எஸ்.பி., வழக்கறிஞர்)

தம்பி, நடுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சுட்டிருக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் சுட்டே தீர வேண்டிய நொடி எனக்குத் தட்டுப்படவில்லை. யாரை வெட்டுவேன் என்றாரோ அவர் தாழிட்ட கதவுக்குப் பின்னால் இருக்கிறார். தெரு ஜனத்தை ஒதுக்கிவிட்டீர்கள். கையில் அரிவாள் இருந்தது, வாயில் வசவு இருந்தது, வெட்டு எட்டும் தூரத்தில் ஆள் இல்லை. அப்போது சுட்டிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டார் என் ஆபீஸ் வாசலில் நின்றிருப்பார்கள்.

ஆனால் ஆபத்து கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த கட்டங்கள் இரண்டு உண்டு. அம்மா கிட்டத்தில் போனபோது ஒன்று, ஏட்டு பாய்ந்தபோது ஒன்று. அந்த இரண்டையும் அரிவாள்காரர் உண்டாக்கவில்லை, நீங்கள்தான் உண்டாக்கினீர்கள். கோபப்படாமல் கேளுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சட்டம். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, சரக்கு பழையதுதான். கைது செய்யப் போகும்போது ஒருவர் முரண்டு பிடித்தால் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு. உங்கள் சீனியர்களுக்கு அது பழைய சி.ஆர்.பி.சி. 46 என்றால் புரியும். அதே பிரிவில் நான்காவது உட்பிரிவு ஒரு கடிவாளம் போடுகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் போக்க இந்தப் பிரிவு உரிமை தராது. உங்கள் ஆள் அந்த நேரம்வரை செய்திருந்தது கொலை மிரட்டல், பி.என்.எஸ். என்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் 351. உச்சபட்சமே ஏழு வருடம்தான். 'பிடிபட மறுத்தார், சுட்டேன்' என்ற வாதம் அதோடு முடிந்தது.

மிச்சம் இருப்பது தற்காப்பு, பி.என்.எஸ். 34 முதல் 44 வரை. இது போலீஸுக்கென்று தனியாகக் கொடுத்த சலுகை இல்லை. உங்களுக்கும் அதே தெருவில் இட்லிக்கடை போட்டிருக்கிற அம்மாவுக்கும் ஒரே உரிமைதான். எதிராளியால் சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் எழுந்தால், அவரைக் கொல்லும் அளவுக்கும் உரிமை நீளும் என்கிறது 38. உங்கள் உடம்புக்கு மட்டுமல்ல, ஏட்டின் உடம்புக்கும், தெருவில் போகிற யாருடைய உடம்புக்கும் சேர்த்துத்தான். தேவைக்கு மேல் தீங்கு செய்யாதே என்பது 37. எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பது 40: அச்சம் எழும்போது தொடங்கும், அச்சம் நீடிக்கும்வரை நீடிக்கும். அரிவாள் கை நழுவிய மறுநொடி அந்த உரிமை போய்விட்டது. அதற்கு அப்புறம் விழுகிற குண்டுக்கு வேறு பெயர்.

நியாயமான அச்சமா இல்லையா என்பதை ஜட்ஜ் ஆற அமர உட்கார்ந்து அளப்பாரே, எனக்கு அரை நொடிதானே இருந்தது என்ற பயம் எல்லா எஸ்.ஐ.க்கும் உண்டு. பெரும்பாலும் தேவையில்லாத பயம். உயிருக்குப் போராடுகிறவனின் செய்கையைத் தங்கத் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பது நிஜம், சாட்சியச் சட்டத்தில் முன்பு 105, இப்போது 108. ஆனாலும் அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அளவுக்கு நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

2012-இல் ஓம் பிரகாஷ் எதிர் ஜார்க்கண்ட் மாநிலம் என்ற வழக்கு. ஒருவர் குற்றவாளி என்பதற்காக அவரைக் கொல்வது போலீஸ் வேலையல்ல, பிடித்து விசாரணைக்கு நிறுத்துவதுதான் வேலை என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. மேடைதோறும் இதை எடுத்துச் சொல்வார்கள். அதே தீர்ப்பு, கடமையின்போது சுட்டதாகச் சொன்ன அந்தப் போலீஸ்காரர்கள் மீதான வழக்கை, அரசின் முன் அனுமதி பெறவில்லை என்று ரத்து செய்ததையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. நீதிமன்றம் போலீஸுக்கு எதிரி என்று ஸ்டேஷனில் சொல்லிக் கொடுப்பவர்கள் தீர்ப்பைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

இனி இன்ஸ்பெக்டர் சொன்ன முட்டிக்குக் கீழே. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் நம் இலாகாவில் இது ஒரு நோய்.

ஃபயரிங் ரேஞ்சில் நிற்கிற அட்டையைச் சுட்டே எத்தனை பேருக்குக் குண்டுகள் ஒரே இடத்தில் விழுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். இரவு, தெருவிளக்கு வெளிச்சம், உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எதிரே ஆள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஓடுகிற காலில் கெண்டைச்சதை எத்தனை அங்குலம்? தவறினால் குண்டு சிமெண்ட் ரோட்டில் பட்டுத் தெறித்து யார் வீட்டு ஜன்னலுக்குள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் மேலே தூக்கிவிட்டால் தொடை. அங்கே ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் 108 வருவதற்குள் ஆள் போய்விடுவார். இதையெல்லாம் தாண்டிச் சரியாகக் காலிலேயே பட்டாலும், வெறியில் இருக்கிறவர் அந்தக் காலோடு இன்னும் நாலு எட்டு வைத்து வெட்டுவார்.

சட்டத்திலும் காலுக்குத் தனி விலை கிடையாது. துப்பாக்கியால் காலில் சுடுவதும் ஆபத்தான ஆயுதத்தால் விளைவிக்கும் கொடுங்காயம்தான். தற்காப்புக்கு அவசியமானால் சுடலாம், அவசியமில்லாவிட்டால் கால் கட்டைவிரலையும் சுடக் கூடாது. பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த விதிமுறைகள் என்கவுன்டர் சாவுகளுக்கு மட்டும் என்று நினைத்திருப்பவர்கள் நிறைய. கொடுங்காயம் பட்டாலும் பின்பற்ற வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. 'காலில் சுட்டுப் பிடித்தனர்' என்ற தலைப்போடு கதை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

'போலீஸுக்குப் பயந்து பாலத்திலிருந்து குதித்ததில் கால் முறிந்தது', 'கழிவறையில் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது', கூடவே மாவுக்கட்டுப் போட்ட படம். இப்படிப் பல வருடமாகச் சொல்லிச் சொல்லி, நிஜமாகவே உயிருக்குப் பயந்து சுட்ட போலீஸ்காரனையும் ஊர் நம்பாத நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். சீனியர்கள் செய்த அந்த வசதிக்கு விலை கொடுக்கப்போவது உங்கள் தலைமுறைதான்.

சரி, அந்தத் தெருவுக்குத் திரும்புவோம். உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்று மட்டும் இல்லை. அவருக்கும் உங்களுக்கும் இடையே எத்தனை அடி?

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸில் டென்னிஸ் ட்யூலர் என்ற பயிற்சி அதிகாரி, கத்தியோடு ஓடி வருகிறவர் 21 அடியைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார் என்று சோதித்து 1983-இல் எழுதினார். உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகும். இதை அந்த நாட்டிலேயே பல போலீஸ்காரர்கள் '21 அடிக்குள் கத்தி இருந்தால் சுடலாம்' என்று தலைகீழாகப் படித்துக்கொண்டார்கள். நான் உங்களுக்குச் சொல்வது, 21 அடிக்குள் போய் நிற்காதீர்கள் என்பது. ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி அதற்குப் பின்னால் நின்றிருக்கலாம். ஹெட்லைட்டை அவர் பக்கம் போட்டிருக்கலாம். அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தால் நீங்கள் இரண்டு எட்டுப் பின்னால் போவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. தெரு அவருக்கு எழுதி வைத்ததுமில்லை, உங்களுக்கு எழுதி வைத்ததுமில்லை.

துப்பாக்கி இல்லாமல் கத்தி, கட்டையோடு நிற்கிறவர்களை, குறிப்பாக மனநிலை சரியில்லாதவர்களை, தூரமும் நேரமும் கொடுத்துப் பேசிப் பணியவைக்கும் பயிற்சியை அமெரிக்காவில் லூயிவில் நகரப் போலீஸுக்குக் கொடுத்தார்கள். சின்சினாட்டி பல்கலைக்கழகம் அதை ஆராய்ந்தது. பலப்பிரயோகம் 28 விழுக்காடு குறைந்திருந்தது. உங்கள் ஸ்டேஷன்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொரு எண்: போலீஸாருக்கு ஏற்படும் காயம் 36 விழுக்காடு குறைந்திருந்தது. பொறுமை காட்டினால் நம் ஆள் வெட்டுப்படுவான் என்ற பேச்சுக்கு அங்கே கிடைத்த பதில் இது.

அம்மாவைப் பேசவிட்டது புரிகிறது. நம் ஊரில் பெற்றவள் சொன்னால் கேட்பான் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் சண்டையே வீட்டுக்குள்ளிருந்து கிளம்பியது. அண்ணன் பக்கம் சாய்ந்தவள் என்று அவர் மனதில் இருந்தால், அந்த அம்மாவின் குரலே அடுத்த வெட்டுக்குக் காரணமாகியிருக்கும். அவர் கிட்டத்தில் போன பிறகு உங்கள் துப்பாக்கிக்கும் வேலையில்லை, குறிக்கு நடுவில் தாய் நிற்கிறாள். சொந்தக்காரர்களிடம் விவரம் கேளுங்கள். என்ன சொன்னால் சாந்தமாவார், என்ன பேரைச் சொல்லி அழைப்பார்கள், எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. கேட்டுவிட்டு அவர்களை ஜீப்புக்குப் பின்னால் உட்கார வையுங்கள். பேசுவது ஒரே குரலாக இருக்கட்டும். 'பேசினோம்' என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒன்று சொல்ல, ஏட்டு ஒன்று அதட்ட, டிரைவர் ஒன்று கத்தினால், தலைக்குள் ஏற்கெனவே பல குரல் கேட்கிறவருக்கு அது இன்னும் மூன்று.

பிறகு அந்தப் பாய்ச்சல். அரிவாளைத் தாழ்த்துவது வேறு, கீழே போடுவது வேறு. தாழ்த்தின கை அரை நொடியில் மேலே வரும், வந்தது. போடச் சொல்ல வேண்டும், போட்ட இடத்திலிருந்து பின்னால் நடந்து வரச் சொல்ல வேண்டும், உட்காரச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் இரண்டு பக்கமிருந்தும் ஆள் போக வேண்டும். மூன்று பேரில் இதைச் செய்ய முடியாது. முக்கால் மணி நேரம் கிடைத்ததே, அதில் பக்கத்து ஸ்டேஷன் ரோந்தை மைக்கில் கூப்பிட்டீர்களா? பந்தோபஸ்துக்கு வாங்கி வைத்திருக்கிற ஃபைபர் கேடயமும் ஹெல்மெட்டும் வரவழைத்தீர்களா? யார் எப்போது நகர வேண்டும் என்று ஏட்டிடம் சொல்லி வைத்தீர்களா? சொல்லாததால் அவர் தன் துணிச்சலில் போனார். அந்தப் பதினொரு தையல் நீங்கள் சுடாததால் வந்ததல்ல, பிடிப்பதற்குத் திட்டம் இல்லாததால் வந்தது. ஸ்டேஷனில் இந்த வித்தியாசத்தை யாரும் பேச மாட்டார்கள். பேசினால் கேடயம் ஏன் வண்டியில் இல்லை என்ற கேள்வி மேலே போகும்.

மாத்திரையை நிறுத்தியவர் என்று தெரிந்த உடனே வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவைப் பாருங்கள். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. கூடிய சீக்கிரம், 24 மணி நேரத்துக்குள், பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிப் பாதுகாப்பில் எடுத்தவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஏட்டைக் காயப்படுத்தியதற்கு பி.என்.எஸ். 121, 132 என்று எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பீர்கள், போடத்தான் வேண்டும். ஆனால் மனநல மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்காமல் நேரே ரிமாண்டுக்கு அனுப்பியிருந்தால் இப்போதாவது மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிச் சரிசெய்யுங்கள். செயலின்போது புத்தி சுவாதீனம் இல்லை என்ற பி.என்.எஸ். 22-ஆம் பிரிவை எதிர்த்தரப்பு எடுக்கும்போது, நீங்கள் மறைத்ததாக இருக்கக் கூடாது.

இதெல்லாம் சொன்னதால், எந்தக் காலத்திலும் சுடாதே என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு எஸ்.ஐ.) பூமிநாதன் ஆடு திருடர்களைத் தனியாளாகத் துரத்திப் போய் வெட்டுப்பட்டுச் செத்தார். அதற்கு முந்தைய வருடம் ஜனவரியில் களியக்காவிளை செக்போஸ்டில் எஸ்.எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். பூமிநாதன் சாவுக்குப் பிறகு அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, ரோந்துக்குத் துப்பாக்கி எடுத்துப் போங்கள், தற்காப்புக்குப் பயன்படுத்தத் தயங்காதீர்கள் என்றார். சரியான பேச்சு. துப்பாக்கியோடு இன்னொரு ஆளையும் எடுத்துப் போங்கள் என்று நான் கூடுதலாகச் சொல்வேன்.

எப்போது சுட வேண்டும்? உங்கள் அந்த இரவையே வைத்துச் சொல்கிறேன். அவர் அரிவாளை ஓங்கிக்கொண்டு அம்மாவை நோக்கியோ ஏட்டை நோக்கியோ பாய்கிறார், நடுவில் கதவோ ஜீப்போ இல்லை, பின்வாங்க இடமும் இல்லை. அந்த நொடியில் தயங்காதீர்கள். நேரம் இருந்தால் எச்சரிக்கை, இல்லாவிட்டால் இல்லை. உடம்பின் நடுப்பகுதிக்குச் சுடுங்கள், ஆபத்து நின்றதும் நிறுத்துங்கள். விழுந்தவர் கையிலிருந்து ஆயுதத்தைத் தள்ளிவிட்டு, ரத்தம் வருகிற இடத்தை அழுத்திப் பிடித்து, 108-ஐக் கூப்பிடுங்கள். சுட்டவரே முதலுதவி செய்தார் என்று நாலு பேர் சாட்சி சொன்னால், கொல்ல வேண்டும் என்று சுடவில்லை என்பதற்கு அதைவிடப் பலமான சான்று வேண்டாம்.

அப்புறம் நடப்பது உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். 2014 தீர்ப்பின்படி எஃப்.ஐ.ஆர். பதிவாகும், உங்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும், விசாரணையை உங்கள் ஸ்டேஷன் செய்யாது, சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் குழுவோ மூத்த அதிகாரி ஒருவரின் மேற்பார்வையில் செய்யும். ஆள் இறந்திருந்தால் இரண்டு டாக்டர்கள் பிரேதப் பரிசோதனை செய்வார்கள், வீடியோ எடுப்பார்கள், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கும். கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது. இவை எல்லாம் தண்டனை இல்லை. நேர்மையாகச் சுட்டவனைக் காப்பாற்றப்போவதே இந்தக் காகிதங்கள்தான்.

எதிர்ப்பக்கத்துக்கு 2019 டிசம்பர் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத் அருகே, கால்நடை மருத்துவர் கொலையில் கைதான நான்கு பேரை விடியற்காலையில் சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போய், துப்பாக்கியைப் பறித்தார்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் போலீஸ் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் எண்ணத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்று கண்டு, பத்துப் போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு நடத்தச் சொன்னது. அறிக்கை வெளியானது 2022 மே மாதம். பூத்தூவினவர்கள் வக்கீல் பீஸ் கட்ட வருவதில்லை.

மெமோ விஷயம். சுடாததற்கு 3(பி), அதாவது இலாகா ஒழுங்கு நடவடிக்கை, போட முடியாது என்று சொல்ல மாட்டேன், நம் இலாகாவில் எதற்கும் போடுவார்கள். ஆனால் நிற்காது. வருவதற்கு முன்பே ஒரு விரிவான அறிக்கை எழுதி டி.எஸ்.பி.க்குக் கொடுங்கள். மைக் தகவல் வந்த நேரம், போய்ச் சேர்ந்த நேரம், அண்ணன் எங்கே இருந்தார், ஜனம் எங்கே, தூரம் எவ்வளவு, எப்போது எச்சரித்தீர்கள், எந்த நொடியிலும் சுடும் அவசியம் ஏன் எழவில்லை. ஜி.டி. என்கிற ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் அன்றிரவு நீங்கள் எழுதியதோடு ஒரு வரிகூட முரண்படக் கூடாது. தெருவில் யாராவது செல்போனில் எடுத்திருப்பார்கள், அதை இப்போதே வாங்கி முறைப்படி சேர்த்துவிடுங்கள். 'இரக்கப்பட்டு விட்டேன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சட்டப்படி அந்தக் கட்டம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏட்டு வீட்டுக்கு நேரில் போங்கள், ஸ்டேஷன் பேச்சு அங்கே போய்ச் சேர்ந்து கெட்டிப்படுவதற்குள். சுட்டிருக்கலாமா வேண்டாமா என்ற வாதத்தை அந்த அம்மாவிடம் எடுக்காதீர்கள். அவர் கேட்கப்போவது அதுவல்ல. சிகிச்சைச் செலவு, காய விடுப்பு, அவர் பெயரைப் பாராட்டுக்குப் பரிந்துரைத்தது, இதற்கெல்லாம் நீங்கள் எழுதிய காகிதத்தின் நகல்களோடு போங்கள். டி.எஸ்.பி.க்குக் கொடுக்கிற அறிக்கையிலேயே கடைசிப் பத்தியாக, ரோந்து வண்டிக்கு இரண்டு கேடயமும் ஹெல்மெட்டும் நீளமான லத்தியும் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். எழுத்தில் கேட்டு நகல் வைத்துக்கொண்டால், இல்லை என்பவரும் எழுத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.